1964 ஃபால்கன் கன்வெர்டிபிள்: பார்ட்ஸ் தேடி அலைந்தவர்கள் எழுதுங்கள்

1964 ஃபோர்டு ஃபால்கன் ஃப்யூச்சுரா, எடிசன், நியூ ஜெர்சி

கூரையை மடக்கித் திறக்கும் பழைய அமெரிக்கக் கார், அதாவது கன்வெர்டிபிள் ஒன்றை வைத்துக்கொண்டு பார்ட்ஸுக்கு அலைகிறவர்கள் நம்மில் நான்கைந்து பேராவது இருப்பீர்கள். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் எழுதுங்கள்.

வண்டி பென்சில்வேனியாவில் ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடந்தது. ஆறு சிலிண்டர், 170 கன அங்குல எஞ்சின். டிரைவர் சீட்டுக்கு முன்னால் தரைத் தகடு துருவேறி, ஓட்டை வழியாகக் கீழே புல் தெரிந்தது. டாப் துணி நார் நாராய்த் தொங்கியது. வாங்கி வந்து ஒரு வாரம் கழித்துத்தான் கதவு ஓரத்தில் இருந்த சின்னத் தகட்டைத் துணியால் துடைத்துப் படித்தேன். சீரியல் நம்பரில் முதலில் 4, அதாவது 1964. அடுத்து டி. தமிழ்நாடு என்று ஆங்கிலத்தில் எழுதினால் முதலில் வருமே, அந்த டி. ஃபோர்டின் கணக்கில் அது மெட்டச்சன் ஆலை. பெயர்தான் மெட்டச்சன், ஆலை இருந்தது எங்கள் எடிசனில், ரூட் 1 மேலே. 2004-ல் மூடினார்கள், இடித்தார்கள், இப்போது அங்கே கடைகள். வாரம் தவறாமல் நான் கடந்துபோகிற இடம். வேறு மாநிலத்துக் கொட்டகையில் இருந்து நான் இழுத்து வந்த வண்டி, என் வீட்டில் இருந்து சில மைல் தூரத்தில் பிறந்தது! அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதே தகட்டில் நிறத்துக்கு ஜே என்று இருந்தது. பட்டியலைப் பார்த்தால் ‘ரங்கூன் ரெட்’. எங்கள் பூட்டனார் 1942-ல் ரங்கூனில் இருந்து கால்நடையாக ஊர் திரும்பியவர். வீட்டில் அந்த ஊர்ப் பெயரைக் கேட்டே வளர்ந்தவன் நான். வேறு நிறம் அடிக்கலாமா என்ற பேச்சு அதோடு முடிந்தது.

சரி, பார்ட்ஸ். எஞ்சின், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் பக்கம் நான் பெரிதாகக் கஷ்டப்படவில்லை. 1964 ஏப்ரல் 17-ல் வெளிவந்த மஸ்டாங்கை ஃபோர்டு ஃபால்கனின் அடித்தளத்தின் மேல்தான் கட்டியது. அந்த மஸ்டாங்கைக் கொண்டாடாத ஆள் இல்லை என்பதால், அதற்கான சாமான்களை இன்றைக்கும் புதிதாகச் செய்துகொண்டே இருக்கிறார்கள். வாட்டர் பம்ப், ஃப்யூல் பம்ப், முன்சக்கரங்களைத் தாங்கும் கண்ட்ரோல் ஆர்ம், பால் ஜாயிண்ட் எல்லாம் மூன்றே நாளில் வாசலுக்கு வந்துவிட்டன.

பிரேக் விஷயத்தில் மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பழைய அசல் சாமான் தேடாதீர்கள். டப்பா பிரிக்காத அசல், ‘என்ஓஎஸ்’ என்று ஒருவர் எனக்கு பிரேக் ஹோஸ் காட்டினார். 60 வருஷத்து ரப்பர் அது. விரலால் மடக்கியதும் வரி வரியாக வெடிப்பு தெரிந்தது. ரப்பரும் டயரும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். இந்தக் காலத்து வண்டிகளில் பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் இரண்டு அறை கொண்டது, என் வண்டியில் ஒற்றை அறை. ஒரு குழாய் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அசல்தன்மை கெட்டாலும் கெடட்டும் என்று இரட்டை அறை வைத்துவிட்டேன். பின் சீட்டில் என் மகள் உட்கார்கிறாள்.

என்னை அலையவிட்டது டாப் ஃபிரேம். துணியைப் பிடித்து நிறுத்தும் அந்த இரும்புக் கூட்டில் இடது பக்க முன் ரெயில், அதாவது பக்கவாட்டு இரும்பு, வளைந்து, கீல் அருகே விரிசல் விட்டிருந்தது. அந்த ஒரு துண்டுக்காக 8 மாதம். எந்த கேட்டலாக்கிலும் இல்லை. மஸ்டாங்குக்குச் செய்வது இதற்குப் பொருந்தாது. விளம்பரங்களில் ‘1964 ஃபால்கன் கன்வெர்டிபிள்’ என்று போட்டுப் போட்டுத் தேடுவேன். வருவதெல்லாம் சாவிக்கொத்தும் பொம்மைக் காரும்தான்.

நான் தேடிய முறையே தப்பு என்று பிறகுதான் புரிந்தது. ஃபோர்டு சாமான்களில் பொறித்திருக்கும் எண்ணுக்கு ஒரு இலக்கணம் உண்டு. முதல் எழுத்து பத்தாண்டு: 50-களுக்கு பி, 60-களுக்கு சி, 70-களுக்கு டி. அடுத்த இலக்கம் வருஷம். மூன்றாவது எழுத்து, எந்த வண்டிக்காக வரைந்தார்கள் என்பது. ஃபால்கனுக்கு டி (டில்லிக்கு வருமே, அந்த டி), மஸ்டாங்குக்கு இசட், ஃபோர்டின் இன்னொரு பிராண்டான மெர்க்குரியின் காமெட்டுக்கு ஜி. பின்னால் வரும் எண்ணில், கன்வெர்டிபிளுக்கே உரிய பாடி சாமான் என்றால் 76 என்று தொடங்கும். அந்த வருஷம் என்பது சாமானை வரைந்த வருஷம், வண்டி வந்த வருஷம் இல்லை. ஃபால்கனில் கன்வெர்டிபிள் முதலில் வந்தது 1963-ல். அப்படியானால் என் 1964 வண்டியின் டாப் சாமானில் 3 என்று இருக்கத்தானே வேண்டும்? விரிசல் விட்ட ரெயிலைச் சுரண்டிப் பார்த்தேன். சி, 3, டி. 8 மாதமாக நான் தப்பான வருஷத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏப்ரலில் கார்லைல் சந்தைக்குப் போனேன். பென்சில்வேனியாவில் 1974-ல் இருந்து நடக்கிற சந்தை. பார்க்காதவர்களுக்கு: திருவிழாக் கடை மாதிரி வரிசை வரிசையாகத் தார்ப்பாய் விரித்து, அதன் மேல் பம்பர், கதவு, கார்புரேட்டர், டப்பா டப்பாவாகத் திருகாணிகள். விடிகாலைக் குளிரில் டார்ச் அடித்துக்கொண்டு ஆட்கள் நடப்பார்கள். உடைந்த ரெயிலைப் பழைய போர்வையில் சுற்றித் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டேன். இதை எல்லோருக்கும் சொல்வேன்: போட்டோ போதாது, சாமானையே கையோடு எடுத்துப் போங்கள்.

நான்காவது வரிசையில் ஒரு பெரியவர். அவர் விரித்திருந்ததெல்லாம் காமெட் சாமான். ஃபால்கன் இல்லையே என்று தாண்டப் போனேன். தள்ளுவண்டியைப் பார்த்துவிட்டு, “போர்வைக்குள்ளே என்ன?” என்று கேட்டார். பிரித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் டிரெய்லருக்குள் போய் ஒரு ரெயிலைக் கொண்டுவந்தார். என்னுடையதைப் புல்லில் படுக்க வைத்து, பக்கத்தில் அதை வைத்தார். கீல் ஓட்டைக்கு நேராகக் கீல் ஓட்டை. இரண்டின் வழியாகவும் ஒரே போல்ட்டை விட்டுக் காட்டினார். பிறகு பாக்கெட்டில் இருந்து சாவியை எடுத்துத் தன் ரெயிலின் உள்பக்கம் பெயிண்டைச் சுரண்டினார். சி, 3, டி. காமெட்டில் இருந்து கழற்றிய சாமான், அதில் ஃபால்கனின் எண்! இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று படித்திருந்தேன். எண்ணைக் கண்ணால் பார்த்தபோதுதான் உறைத்தது.

120 டாலர் கேட்டார். பேரம் பேச மனம் வரவில்லை. கிளம்பும்போது, “அந்த உடைந்ததை எனக்குக் கொடுத்துவிட்டுப் போகிறாயா? முன் கீல் நன்றாக இருக்கிறது. அதைத் தேடிக்கொண்டு ஒருத்தன் வருவான்” என்றார். கொடுத்துவிட்டு வந்தேன்.

1965 மஸ்டாங், ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா

எடிசன் நண்பரே, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேரே கராஜுக்குப் போனேன். என் வண்டித் தகட்டில் ஆர். ஃபோர்டின் சான் ஹோசே ஆலை. அதுவும் பெயரளவில்தான் சான் ஹோசே, ஆலை இருந்தது மில்பிட்டாஸில். 1983-ல் மூடிய அந்தக் கட்டடம்தான் இன்றைய கிரேட் மால். தீபாவளிக்குத் துணி எடுக்க வருஷா வருஷம் போகிறோம். அங்கேதான் இந்த வண்டியைத் தயாரித்தார்கள் என்று என் மனைவியிடம் சொன்னேன். அடுத்த முறை வண்டியை அங்கே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்றாள்.

மஸ்டாங்குக்கு எல்லாம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கிடைப்பதெல்லாம் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள். புதிதாகச் செய்த ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேல் வரும் பக்கத் தகடு) ஒன்று வாங்கினேன். பளபளவென்று வந்தது. மாட்டிப் பார்த்தால் கதவோரம் மேலே ஒரு விரல் நுழைகிறது, கீழே காகிதம் நுழையவில்லை. கடைசியில் இங்கே கலிஃபோர்னியாவின் சென்ட்ரல் வேலி பகுதியில் ஒரு ஜங்க்யார்டில் இருந்து பழைய அசல் ஃபெண்டர் எடுத்தேன். வெயிலில் பெயிண்ட் எல்லாம் வெளுத்திருந்தது, துரு மட்டும் இல்லை. பனிக்கு உப்புக் கொட்டாத ஊர் என்பதால் இங்கே தகடு தப்பிக்கிறது. கிழக்கே இருக்கிறவர்கள் கதவு, ஃபெண்டர் எல்லாம் இந்தப் பக்கம் தேடுங்கள், லாரி வாடகை கொடுத்தாலும் லாபம்தான்.

இன்னொன்று, இது மனசு நொந்து எழுதுவது. இந்த வண்டிகளுக்கு அடியில் தனி ஃபிரேம் கிடையாது, பாடிதான் ஃபிரேம். கன்வெர்டிபிளில் மேலே கூரையும் இல்லை. கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பெட்டிதான் வண்டியின் முதுகெலும்பு. நான் விட்ட ஒர்க்‌ஷாப்பில் கதவு இடைவெளியில் குறுக்குக் குழாய் வைத்து வெல்டு பண்ணாமலே துருப்பிடித்த ராக்கரை வெட்டிவிட்டார்கள். வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது. கதவு இரண்டும் மூடவில்லை. வேறு ஒருவரிடம் கொண்டுபோய், ஜாக்கி கொடுத்துத் தூக்கி, அளந்து அளந்து நேராக்க 5 மாதம் ஆனது. எந்த பார்ட் வாங்குவதற்கும் முன்னால் 2 இரும்புக் குழாய் வாங்குங்கள். கதவு ஒழுங்காக மூடுகிற நிலையில், தகட்டில் கை வைப்பதற்கு முன்பே அதை வைத்து வெல்டு பண்ணிவிடுங்கள்.

1963 ஸ்டூடிபேக்கர் லார்க், சவுத் பெண்ட், இந்தியானா

என் நிலைமை உங்களுக்கு நேர் எதிர். இந்தக் கம்பெனியே இப்போது கிடையாது. 1852-ல் மாட்டு வண்டி, குதிரை வண்டி செய்ய ஆரம்பித்து, 1963 டிசம்பரில் சவுத் பெண்டில் கார் ஆலையை மூடினார்கள், 1966-ல் கனடாவிலும் நிறுத்திவிட்டார்கள். ஆனால் மூடும்போது குடோன் நிறையச் சாமான் இருந்தது. அது கை மாறிக் கை மாறி இன்னமும் விற்றுக்கொண்டிருக்கிறது. பழுப்புக் காகிதம் சுற்றி, கிரீஸ் தடவியபடியே ஒரு கியர் எனக்குக் கிடைத்தது. நான் பிறப்பதற்கு முன்னால் யாரோ சுற்றிய காகிதம்.

எனக்குக் கிடைக்காதது குரோம். விளக்குச் சுற்று, எழுத்துப் பட்டை எல்லாம் துத்தநாக வார்ப்பு. உள்ளே இருந்தே புள்ளி புள்ளியாகக் கொப்புளித்துவிடும். ஒவ்வொரு குழியையும் துளைத்து, செம்பு ஏற்றி, தேய்த்து, மறுபடி குரோம் போட வேண்டும். கூலி கேட்டால் தலை சுற்றும். அதனால் சந்தையில் நல்ல குரோம் கண்ணில் பட்டால், இன்றைக்குத் தேவை இல்லாவிட்டாலும் வாங்கி வைத்துவிடுவேன்.

ஸ்டூடிபேக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். இங்கே உள்ள ஸ்டூடிபேக்கர் தேசிய அருங்காட்சியகத்தில் சீரியல் நம்பரைக் கொடுத்தால் வண்டியின் தயாரிப்பு ஆணையின் நகல் வாங்கலாம். என்ன நிறம், என்ன சீட் துணி, என்னென்ன கூடுதல் சாமான் என்பதெல்லாம் அதில் இருக்கும். தேட ஆரம்பிக்கும் முன்பே அதை வாங்கிவிடுங்கள். என் வண்டியில் இல்லவே இல்லாத ஒரு கடிகாரத்துக்காக நான் 2 வருஷம் அலைந்திருக்கிறேன்.

1964 ஃபோர்டு ஃபால்கன் ஃப்யூச்சுரா, எடிசன், நியூ ஜெர்சி

ஃப்ரீமாண்ட் நண்பர் சொன்ன குறுக்குக் குழாய் விஷயத்தை எல்லோரும் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். தெரிந்தவர் ஒருவர் சொல்லி நான் தப்பித்தேன், இல்லாவிட்டால் எனக்கும் அதே கதிதான்.

ரெயில் மாட்டியாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை புதுத் துணி இல்லாமல் வெறும் ஃபிரேமை மட்டும் ஏற்றி இறக்கிப் பார்த்தோம். மகள் சுவிட்சை அழுத்தினாள். பம்ப் முனகியது, இரண்டு பக்க சிலிண்டரும் சேர்ந்தே எழுந்தன, முன் பட்டை கண்ணாடிச் சட்டத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. இடது பக்கம் சுண்டு விரல் அகலம் தூக்கி நிற்கிறது. அதைச் சரி பண்ண ஷிம் (இடையில் செருகும் மெல்லிய தகடு) போடலாமா, கீலிலேயே திருத்தலாமா என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது: வலது பக்க டாப் கொக்கி. 1963-ல் இருந்து 1965 வரை, ஃபால்கனோ காமெட்டோ, எதில் இருந்து கழற்றியதானாலும் சரி. குரோம் போயிருந்தாலும் பரவாயில்லை, கைப்பிடி உடையாமல் இருந்தால் போதும். அக்டோபரில் பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் நடக்கும் பழைய கார் சந்தைக்குப் போகிறேன். இடது கொக்கியை மாதிரிக்குப் போர்வையில் சுற்றி எடுத்து வருவேன். அந்தப் பக்கம் வருகிறவர்கள் சொல்லுங்கள், சேர்ந்தே தேடலாம்.