கிரியேட்டின் குடித்தும் வேகம் கூடவில்லை, எடைதான் கூடியது

கோடுதொட்டவன்:
ஊர் கபடி டீமில் ரெய்டர் நான். எடை 69. அடுத்த மாதம் 70 கிலோ வரம்பு வைத்த போட்டி. ஜிம் அண்ணன் சொன்னபடி தினம் 20 கிராம் கிரியேட்டின் பவுடர், நாலு வேளையாகப் பிரித்து, ஐந்து நாள் குடித்தேன். தராசு 70.4 காட்டுகிறது. 30 மீட்டர் ஓடிப் பார்த்தால் அதே பழைய நேரம். ஏமாந்துவிட்டேனா? முட்டைகூடத் தொடாத சைவம் நான்.

பழையஸ்பைக்ஸ்:
தம்பி, ஒரே ஓட்டத்தை அளந்தால் எப்படித் தெரியும்? தசை நேரடியாகச் செலவழிக்கும் எரிபொருள் ஏடிபி. தயாராக இருப்பது இரண்டு மூன்று நொடிக்குத்தான் வரும். தீரத் தீர அதை மீட்டுத் தருவது கிரியேட்டின் பாஸ்பேட். அதுவும் முழு வேகத்தில் பத்து நொடி தாங்கினால் பெரிது. அப்புறம் ஓய்வில்தான் நிரம்பும். பவுடர் அந்த இருப்பைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். மீன், கறி சாப்பிடாதவர்களுக்கு இருப்பு குறைவு என்பதால் உனக்கு ஏற்றம் கூடுதலாகவே இருக்கும்.

நான் ஓடிய காலத்தில் ஆறு முறை 60 மீட்டர், இடையில் ஒரு நிமிடம் ஓய்வு. முதல் மூன்றில் வித்தியாசமே இல்லை. ஆறாவது மட்டும் 8.1-லிருந்து 7.9 ஆனது. கை ஸ்டாப்வாட்ச், கொஞ்சம் கழித்துக்கொள். உன் ஆட்டத்தில் பார்க்க வேண்டியது முதல் ரெய்டை அல்ல. இரண்டாம் பாதியில், கால் கனத்த பிறகு, நடுக்கோட்டுக்குத் திரும்பப் பாய்கிறாயே, அதை.

எடை கூடியது பெரும்பாலும் தசைக்குள் சேர்ந்த தண்ணீர். இன்றே நிறுத்து. தசை பழைய நிலைக்கு வர நாலு முதல் ஆறு வாரம் ஆகும், உனக்கு இருப்பதே ஒரு மாதம். போட்டி முடிந்ததும் தினம் 3 கிராம் எடு. ஒரு மாதத்தில் அதே அளவுக்கு நிரம்பிவிடும். 20 கிராம் அவசரக்காரர்களுக்கு.

மண்தரை:
ஒன்று சொல்லிவிடுகிறேன். ரத்தப் பரிசோதனை எடுத்தால் பவுடர் குடிப்பதை முன்பே சொல்லுங்கள். கிரியேட்டின் உடைந்து வருவதுதான் கிரியாட்டினின், கிட்னி எப்படி இருக்கிறது என்று பார்க்க ரத்தத்தில் அளப்பதும் அதைத்தான். எனக்கு அது 1.4 வந்ததும் "கிட்னி போச்சு" என்று ஒருவர் சொல்ல, அம்மா அழுதேவிட்டார். பிறகு சிஸ்டாட்டின் சி என்ற வேறொரு கிட்னி பரிசோதனை பார்த்தார்கள், சரியாக இருந்தது.

கோடுதொட்டவன்:
டப்பா இப்போது அரிசிப் பானைக்குப் பின்னால். இன்று காலை 70.2. ஸ்டாப்வாட்ச் கடன் வாங்கியிருக்கிறேன் அண்ணா, மாலை அந்த ஆறு ஓட்டம்.