ஐடிஐ கார்பெண்டர் டிரேடு: இழைக்கும்போது மரம் பிய்கிறது, தோளும் போகிறது

பூவரசு:
வணக்கம். எனக்கு 31 வயது. பி.காம் முடித்து ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். அரசு ஐடிஐயில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது என்று தெரிந்ததும் கார்பெண்டர் டிரேடில் சேர்ந்துவிட்டேன். எட்டாம் வகுப்பு தேறியவர்களே சேரக்கூடிய ஓராண்டுப் படிப்பு. "இதற்கா பி.காம் படித்தாய்?" என்று அம்மா இன்னும் கேட்கிறார். அது இருக்கட்டும்.

ரம்பத்தில் பிரச்சினை இல்லை, கோடு பிசகாமல் அறுக்கிறேன். மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் இழைப்புளியில்தான் தகராறு. பழக ஒரு மாம்பலகை கொடுத்தார்கள். இரண்டு ஓரமும் கண்ணாடி மாதிரி வருகிறது, நடுவில் ஒரு சாண் நீளத்துக்குப் பிய்ந்து பிய்ந்து குழியாகிறது. சாயங்காலம் வலது தோளைத் தூக்க முடிவதில்லை. "பொம்பளைப் பிள்ளைக்குக் கைப்பலம் பத்தாதும்மா, நீ பாலிஷ் போடு, ரெக்கார்டு எழுது" என்கிறார்கள். பாலிஷ் போடவா வந்தேன்? என் உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. இது பலக் குறைவுதானா, வேறு ஏதாவதா?

செங்கோட்டை ஆசாரி:
பலகையைத் திருப்பிப் போட்டு இழைத்தீர்களா அம்மா? பிய்கிறது என்றால் மரத்தின் நார் ஓடும் திசைக்கு எதிராகத் தள்ளுகிறீர்கள். பலகையின் பக்கவாட்டைப் பாருங்கள், ரேகை எந்தத் திசையில் மேலேறுகிறதோ அந்தத் திசையில் தள்ள வேண்டும். மாமரத்தில் ஒரே பலகைக்குள் ரேகை புரண்டு போகும். புரளும் இடத்துக்கு மட்டும் இழைப்புளியின் வெட்டும் தகட்டை மயிரிழை அளவு வெளியே விட்டு, அதன்மேல் பொருத்தியிருக்கும் மேல்தகட்டை வெட்டுமுனைக்கு நெருக்கி வைத்து, கொஞ்சம் கோணலாகத் தள்ளுங்கள். பழகுகிறவர் கையில் முதலிலேயே மாம்பலகையைக் கொடுத்திருக்கக் கூடாது. விலை குறைவு, அதனால் கொடுத்திருப்பார்கள்.

கோவை இன்டீரியர்:
இப்போது யாருங்க கையால் இழைக்கிறார்கள்? எங்கள் யூனிட்டில் ஒரு இழைப்புளிகூடக் கிடையாது, எல்லாம் பிளைவுட்தான். பலகை அறுக்கும் பேனல் சாவும், ஓரத்துக்குப் பட்டி ஒட்டும் எட்ஜ் பேண்டர் மிஷினும் கற்றுக்கொள்ளுங்கள், வேலை கிடைக்கும்.

மரத்தூள்:
தங்கச்சி, நானும் இதே டிரேடு முடித்தவள்தான், இப்போது நிலை, கதவு, ஜன்னல் செய்யும் பட்டறையில் இருக்கிறேன். பலம் பற்றிப் பேசியவரை முழங்காலை மடக்கி உன் உயரத்துக்கு இறங்கி நின்று அதே பெஞ்சில் இழைக்கச் சொல். அவருக்கும் தோள் போகும்.

கைகளைத் தொங்கவிட்டு பெஞ்சை ஒட்டி நின்று பார். பெஞ்சின் மேல்பரப்பு மணிக்கட்டுக்கு மேலே வந்தால் இழைப்பதற்கு அது உயரம் அதிகம். அப்போது கை மட்டும்தான் தள்ளும், உடம்பு எடை இழைப்புளிக்கு வந்து சேராது. ஜாக் பிளேன் என்கிற இரும்பு இழைப்புளி இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும், அதைத் தோளால் தள்ளினால் யாருக்கும் வலிக்கும். பெஞ்சை அறுக்க விடமாட்டார்கள். ஆகவே கழிவுப் பலகைகளை அடித்து நிற்பதற்கு ஒரு மேடை செய்துகொள். ஒரு எட்டு எடுத்து வைக்கும் அளவுக்கு நீளம் வேண்டும், ஆடக் கூடாது. இடது காலை முன்னால் வைத்து இடுப்பிலிருந்து தள்ளு. பலகை தொடங்கும் இடத்தில் அழுத்தம் இழைப்புளியின் முன்பக்கம் பிடித்த கையில், முடியும் இடத்தில் பின்பக்கம் பிடித்த கையில்.

தகட்டையும் பார். சாணையில் 25 டிகிரி பிடித்து, ஆயில் ஸ்டோனில் 30 டிகிரியில் தீட்ட வேண்டும். ஐடிஐ இழைப்புளி நாலு பேர் கை மாறுவது, காலையில் போனதும் நீயே தீட்டிக்கொள்.

கோவைக்காரர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. ஆனால் தேக்கு நிலையில் கதவு இறுகிப் பிடித்துக்கொண்டால் எட்ஜ் பேண்டர் வந்து சரிசெய்யாது. வேலை என்றால், பெரம்பூர் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள், கார்பெண்டர் டிரேடும் உண்டு. அதற்கு உன் வயது தாண்டிவிட்டது. ஐடிஐ முடித்ததற்கான என்டிசி சான்றிதழ் கையில் வந்ததும் சிஐடிஎஸ் என்கிற பயிற்றுநர் படிப்பைப் பார். நீ இன்ஸ்ட்ரக்டராக நின்றால் அடுத்து வரும் பெண்ணை யாரும் பாலிஷ் போட அனுப்ப மாட்டார்கள்.

இன்னொன்று, மாஸ்க் இல்லாமல் பட்டறையில் நிற்காதே. மரத்தூள் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் ஆய்வு முகமையே உறுதிப்படுத்தியிருக்கிறது. (என் புனைபெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.) எந்திரம் சுற்றும்போது துப்பட்டா, வளையல், கையுறை எதுவும் கூடாது.

பூவரசு:
அக்கா, பெஞ்ச் என் மணிக்கட்டுக்கு மேலே ஒரு சாண் வருகிறது! மேடை செய்யக் கேட்டேன், "உனக்கு மட்டும் தனியாகவா?" என்றார்கள். ரெக்கார்டில் ஒரு ஜாப்பாக எழுதிக்கொள்கிறேன் என்றதும் சரி என்றுவிட்டார்கள். ஆசாரி ஐயா, பலகையைத் திருப்பியதில் பெரும்பகுதி சரியாகிவிட்டது. தகடுதான் இன்னும் சரியாகத் தீட்ட வரவில்லை. ஆயில் ஸ்டோனுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? இங்கே எல்லோரும் அதைத்தான் ஊற்றுகிறார்கள்.

செங்கோட்டை ஆசாரி:
வேண்டாம். பிசின் மாதிரி ஏறிக் கல் அடைத்துக்கொள்ளும், அப்புறம் தகடு வழுக்குமே தவிரத் தேயாது. தையல் மிஷின் எண்ணெயில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து விடுங்கள். அடைத்துப்போன கல்லை மண்ணெண்ணெயில் ஊறவைத்து பிரஷ்ஷால் தேய்த்தால் தெளியும். நடுவில் குழிந்த கல்லாக இருந்தால் தட்டையான வேறு கல் கேளுங்கள், குழிந்த கல்லில் தீட்டினால் தகட்டின் முனை வளைந்துவிடும்.