ஈராள் ஒருபதிவு: ‘ஓவர்லே’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நிரலாளர், காரைக்குடி:

வணக்கம். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கான நோயாளர் பதிவு மென்பொருளின் திரைச்சொற்களைத் தமிழாக்கி வருகிறோம். ஒரு சொல் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கிறது.

பதிவில் ஆள் தொடர்பான கோளாறு இரண்டு வகை. ஒருவருக்கே இரண்டு பதிவு இருந்தால் ‘டூப்ளிகேட்’. இரண்டு பேருடைய விவரம் ஒரே பதிவுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் ‘ஓவர்லே’. நம் பக்கத்தில் இரண்டையுமே ‘டூப்ளிகேட்’ என்று சொல்லிவிடுகிறார்கள். புகார் போனதும் மறுமுனையில் இருப்பவர் “டூப்ளிகேட்டா, ஒன்றை அழித்துவிடுங்கள்” என்பார். முதல் வகைக்கே அது நல்ல வைத்தியமல்ல. இரண்டாம் வகையில் அழித்தால் இருவர் வரலாறும் சேர்ந்து போய்விடும்.

செட்டிநாட்டில் இந்த இரண்டாம் வகைக்கு வழி அதிகம். பேரனுக்குப் பாட்டனார் பெயர். பங்காளிகள் பல குடும்பமாக இருந்தாலும் வீட்டுக்கு ஒரே கதவிலக்கம். கைப்பேசி எண் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகனுடையது. பெயர், பால், முகவரி, கைப்பேசி நான்கும் பொருந்திவிடும். வயது ஒன்றுதான் பிரித்துக் காட்ட வேண்டும். அதையோ “அறுபது இருக்கும்” என்று சொல்கிறார்கள், பிறந்த தேதிக்கு ஜனவரி 1 போடப்படுகிறது. தொற்றாநோய்ப் பரிசோதனை 30 வயதைத் தாண்டிய எல்லாருக்கும் உண்டு என்பதால் 78 வயதுப் பாட்டனாரும் 34 வயதுப் பேரனும் ஒரே பட்டியலில் வருகிறார்கள்.

இதோடு விலாசம், அதாவது பெயருக்கு முன்னால் போடும் முன்னெழுத்து. நகரத்தார் ராம., அழ., பழ., பெரி., சித. என்று ஈரெழுத்தாக முன்னெழுத்துப் போடுவது இந்தச் சிக்கலை அவிழ்க்கவே செய்தது போல இருக்கும். நம் படிவமோ ஓர் ஆங்கில எழுத்துக்குத்தான் இடம் விட்டிருக்கிறது. பழனியப்பனும் பெரியகருப்பனும் அங்கே ஒரே ‘பி’ ஆகிவிடுகிறார்கள்.

இப்போதைய வரைவு: டூப்ளிகேட் என்பதற்கு இரட்டைப்பதிவு, லிங்க் என்பதற்கு இணைப்பு, மெர்ஜ் என்பதற்கு ஒன்றிப்பு, ஓவர்லே என்பதற்கு மேற்பதிவு. கடைசியது எனக்கே ஒப்பவில்லை. மேலே எழுதியது, பின்னால் எழுதியது என்றெல்லாம் பொருள்படுகிறதே தவிர, ஆள் மாறிய செய்தி அதில் இல்லை.

கிராம சுகாதார செவிலியர், தேவகோட்டை வட்டாரம்:

சார், மேற்பதிவு இருக்கட்டும், முதலில் இரட்டைப்பதிவை எடுத்துவிடுங்கள். எங்களுக்கு ‘இரட்டை’ என்றால் இரட்டைக் குழந்தைதான். பிக்மி பதிவில் (கர்ப்பிணி, குழந்தை விவரங்களை ஏற்றும் அரசுத் தளம்) ‘இரட்டை’ என்று பார்த்தால் பிரசவம் பற்றிய குறிப்பு என்றே எடுத்துக்கொள்வோம்.

ஆள் கலந்துபோவதும் இரட்டைக் குழந்தைகளிடம் அதிகம். பெயர் வைக்கும் வரை ‘மீனாட்சி குழந்தை 1’, ‘மீனாட்சி குழந்தை 2’. அம்மா, தேதி, முகவரி, போன் எல்லாம் ஒன்று. இரண்டும் ஒரே பாலாக இருந்தால் பிறந்த நேரமும் பிறப்பு எடையும்தான் மிச்சம். 6 வாரத்தில் போட வேண்டிய பென்டாவேலன்ட் ஊசியை இரண்டுக்கும் போட்டுவிட்டு, இரண்டையும் குழந்தை 1இன் பக்கத்தில் ஏற்றிவிட்டால், ஒன்றுக்கு இரண்டு டோஸ் போட்டதாகவும் மற்றது விடுபட்டதாகவும் காட்டும். விடுபட்டோர் பட்டியலைப் பார்த்து யாராவது அந்தக் குழந்தையைத் தேடிப்போய் மறுபடி ஊசி போடப் பார்ப்பார்கள்.

‘டூப்ளிகேட்’ வருவது வேறு வழியில். புருஷன் ஊரில் பதிந்த பெண் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வருகிறாள். பழைய 12 இலக்க எண்ணைக் கேட்டு வாங்காமல் இங்கே புதிதாகப் பதிந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு. குழந்தை பிறந்த பிறகு தடுப்பூசிக் கணக்கு இரண்டு ஊரிலும் நிலுவை காட்டும். வேண்டாத ஒன்று கூடுதலாக இருப்பதால் ‘மிகைப்பதிவு’ என்று வைத்தால் என்ன?

தமிழாசிரியர், புதுவயல்:

செவிலியர் அம்மா சொன்ன மிகைப்பதிவு நன்று. ‘மறுபதிவு’ என்று யாரும் திருத்திவிட வேண்டாம். அது புதுப்பித்தலைக் குறிக்கும்.

ஓவர்லேக்கு ஒரு சொல் இலக்கணத்திலேயே இருக்கிறது. ஒன்றோடொன்று கலந்து வருவதை மயக்கம் என்போம்: மெய்ம்மயக்கம், திணைமயக்கம். அந்த வரிசையில் ‘ஆள்மயக்கம்’, ‘ஆள்மயக்கப் பதிவு’. வேண்டுமென்றே செய்த ஆள்மாறாட்டம் என்ற குற்றச்சாயலும் இதில் படியாது.

மருத்துவ அலுவலர், திருப்பத்தூர் வட்டாரம்:

ஐயா, சொல் அழகு. ஆனால் மருத்துவமனைத் திரையில் ‘மயக்கப் பதிவு’ என்று வந்தால் மயக்க மருந்துக் குறிப்பு என்பேன் நான். நோயாளி நினைவிழந்து கிடக்கிறார் என்பார் மருந்தாளுநர். இலக்கண வகுப்பில் இருந்து இந்தக் கட்டடத்துக்குள் வரும்போது அந்தச் சொல் வேறு ஆளாகிவிடுகிறது.

சொல்லைத் தேர்வதற்கு முன் அது என்ன வேலை செய்ய வேண்டும் என்று பார்ப்போம். மிகைப்பதிவால் வரும் கேடு, தகவல் குறைந்து போவது. பழைய சர்க்கரை அளவு கிடைக்காது, மறுபடி ரத்தம் எடுப்போம். ஓவர்லேயில் வரும் கேடு, தவறான தகவலை நம்பிவிடுவது. ஒரே பெயருள்ள இரு பெண்கள் ஒரு பதிவில் விழுந்து, ஆர்.எச். நெகட்டிவ் கர்ப்பிணிக்கு மற்றவரின் பாசிட்டிவ் ரத்த வகை ஏறிவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருள் உருவாக்காமல் தடுக்கும் 28ஆம் வாரத்து ஆன்ட்டி-டி ஊசி நினைவூட்டலே வராது. பிரசவத்துக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டியதும் தவறலாம். விளைவு அடுத்த கர்ப்பத்தில் தெரியும். பென்சிலின் ஒவ்வாமை, இன்சுலின் அளவு எல்லாம் இதே கதைதான். ஆகவே இந்தச் சொல்லைப் பார்த்ததும் கை நிற்க வேண்டும்.

சரிசெய்யும் முறையும் வேறு. முதலில் பதிவைப் பூட்ட வேண்டும். படிக்கலாம், புதிதாக எதுவும் ஏற்றக் கூடாது. பிறகு ஒவ்வொரு வருகையையும் தனித்தனியாக எடுத்து, புறநோயாளிச் சீட்டு, ஆய்வகப் பதிவேடு, மருந்து வழங்கிய பதிவேடு இவற்றோடு ஒப்பிட்டு உரியவருக்கு மாற்ற வேண்டும். யாருடையது என்று தெரியாத அளவுகளை இருவரிடமும் சேர்க்காமல் தனியே வைக்க வேண்டும். ரத்த வகையை ஊகித்து ஒதுக்கவே கூடாது, இருவருக்கும் மறுபரிசோதனைதான். இடைப்பட்ட காலத்தில் அந்தப் பதிவை நம்பி மாத்திரை கொடுத்தவர்களுக்கும் மேல் மருத்துவமனைக்கும் தெரிவிக்க வேண்டும். மாத அறிக்கை எண்களைத் திருத்துவது கடைசி வேலை. நடைமுறையில் அதைத்தான் முதலில் செய்கிறார்கள்.

கணக்கர், பள்ளத்தூர்:

கடைக் கணக்கில் குறிப்பேட்டில் அன்றாடம் எழுதி, பேரேட்டில் ஆளுக்கொரு பக்கமாகப் பெயர்த்து எழுதுவோம். நீங்கள் சொல்வது ஒருவர் பற்றை இன்னொருவர் பக்கத்தில் ஏற்றியது. பக்கத்தைக் கிழித்தால் தீராது, குறிப்பேட்டுக்குப் போய் வரி வரியாகப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்வது எங்களுக்குப் பழக்கமானதே. ஆகவே நோயாளர் முதன்மைப் பட்டியலுக்குப் ‘பேரேடு’ என்றே பெயர் வைக்கலாம்.

ஒரு நபரைக் குறிக்கப் ‘புள்ளி’ என்ற சொல் இங்கே அடிபட்டால் தடுத்துவிடுங்கள். நகரத்தார் வழக்கில் திருமணமான தம்பதி சேர்ந்து ஒரு புள்ளி. கோயிலுக்குப் புள்ளிவரி கட்டும் கணக்கு அது. தலைக்கணக்குக்கு ஆகாது.

நிரலாளர், காரைக்குடி:

‘நோயாளர் பேரேடு’ எடுத்துக்கொள்கிறேன். இணைப்பு, ஒன்றிப்பு இரண்டும் ஏன் தனித்தனியாக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இணைப்பில் இரு பதிவும் அப்படியே இருக்கும், ‘இவர் ஒருவரே’ என்ற குறிப்பு மட்டும் நடுவில் நிற்கும். தவறென்றால் எடுத்துவிடலாம். ஒன்றிப்பில் ஒரு பதிவு மற்றதற்குள் கரைந்துவிடும். பெரும்பாலான ஓவர்லே பிறப்பது இரண்டே இடங்களில். தேடல் பட்டியலில் முதலில் வந்த பெயரை அவசரத்தில் தொட்டுவிடுவது ஒன்று. மிகைப்பதிவு என்று நினைத்து இருவரை ஒன்றித்துவிடுவது மற்றது. அதனால் நிலையத்தில் இருப்பவருக்கு ‘இணை’ பொத்தான் மட்டும் கொடுத்து, ‘ஒன்றி’ பொத்தானை வட்டார அளவில் இருவர் ஒப்புதலோடு வைக்கப்போகிறோம்.

கணினியே முழுக்கப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கேட்பவர்களுக்கு: 30,000 பேர் உள்ள நிலையத்தில் எல்லாரையும் எல்லாரோடும் ஒப்பிட்டால் ஏறத்தாழ 45 கோடி ஜோடிகள். 5,000 பேர் கொண்ட ஆறு துணை நிலையங்களாகப் பிரித்து, அந்தந்த வட்டத்துக்குள் மட்டும் ஒப்பிட்டால் 7.5 கோடி. வேகம் கிடைக்கும், ஆனால் தாய்வீட்டுக்கு வந்த பெண் இந்த வடிகட்டலில் தப்பிவிடுவாள். அவளுக்குக் கைப்பேசி எண்ணை வைத்து இன்னொரு சுற்று ஓட்ட வேண்டும்.

ஒப்பிடும்போது 1969இல் ஃபெல்லெகியும் சன்ட்டரும் வகுத்த முறைப்படி பெயர், வயது போன்ற ஒவ்வொரு புலத்துக்கும் எடை, அதாவது அது பொருந்தினால் ‘ஒரே ஆள்’ என்பதற்கு எவ்வளவு வலுவான சான்று என்ற மதிப்பெண். ஒரே ஆளின் இரு பதிவில் பெயர் பொருந்தும் வாய்ப்பு 0.9 என்று கொள்வோம். வேறு வேறு ஆட்களிடம் தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு 0.01 என்றால் எடை 6.5. ஊரில் மலிந்த பெயராக இருந்து அது 0.05 ஆனால் எடை 4.2தான். மீனாட்சிக்கும் வள்ளியம்மைக்கும் இங்கே எடை குறைய வேண்டும். வேறு மாநிலத்துப் பட்டியலில் கணக்கிட்ட எடையை அப்படியே போட்டால் கணினி தாராளமாக ஆட்களைச் சேர்த்துவைக்கும்.

ஆங்கில எழுத்தில் தேடுவதும் கைகொடுக்காது. ஒலியை வைத்துப் பெயருக்குக் குறியீட்டு எண் தரும் சவுண்டெக்ஸ் முறையில் அழகம்மையை ‘எல்’ போட்டு எழுதினால் ஏ425, ‘இசட்-எச்’ போட்டு எழுதினால் ஏ225. சிவகாமியில் ‘கே’, ‘ஜி’ மாறினால் மட்டும் தப்பிக்கிறது, இரண்டுக்கும் ஒரே எண் என்பதால். தமிழிலேயே சேமித்தாலும் கௌரியைச் சிலர் கெ, ள, ரி என்று மூன்று எழுத்தாக அடிக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்று போலத்தான் இருக்கும். சொக்கலிங்கத்தின் கொம்பும் காலும் தனித்தனியாக வந்தால், ஒரே எழுத்தின் வேறு வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு இயல்பாக்கம் சரிசெய்துவிடும். இந்த ‘ள’வை அது தொடாது, நாமே விதி எழுத வேண்டும்.

தமிழாசிரியர், புதுவயல்:

மயக்கத்தைத் திரும்பப் பெறுகிறேன். ‘ஆட்கலப்பு’ என்றால்? ஆட்சேர்ப்பு, ஆட்கொல்லி போலப் பழகிய புணர்ச்சி. கோளாறைக் குறிக்க ஆட்கலப்பு, பதிவைக் குறிக்க ஆட்கலப்புப் பதிவு. இருவரோ மூவரோ, எத்தனை பேர் கலந்தாலும் பொருந்தும். தலைப்பில் இருக்கும் ‘ஈராள்’ அங்கே இடறும்.

மருத்துவ அலுவலர், திருப்பத்தூர் வட்டாரம்:

கலப்படம் ஞாபகம் வருகிறது. எச்சரிக்கைச் சொல்லுக்கு அது நல்லதே. சரிசெய்யும் வேலைக்கு ‘ஆட்பிரிப்பு’ என்றால் இரண்டும் ஜோடியாக நிற்கும். ‘நீக்கு’ என்ற சொல் இந்தத் திரையில் எங்குமே வர வேண்டாம்.

கிராம சுகாதார செவிலியர், தேவகோட்டை வட்டாரம்:

ஆட்கலப்பு போனில் சொன்னாலும் தெளிவாகக் கேட்கும். எச்சரிக்கை வாசகத்தில் ‘பெயரைச் சரிபார்க்கவும்’ என்று மட்டும் போடாதீர்கள் சார். “அழகப்பன்தானே?” என்று கேட்டால் காது கேட்காத பெரியவரும் தலையாட்டிவிடுவார். ‘பெயர், வயது, தகப்பனார் பெயரை அவரையே சொல்லச் சொல்லவும்’ என்று போடுங்கள். மருமகள் மாத்திரை வாங்க வந்தால் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டார், வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்வார். அப்போது குடும்ப அட்டையைக் காட்டச் சொல்ல வேண்டும் என்று இரண்டாவது வரியும் வேண்டும். வீட்டுப் பெயருக்குத் தனிப் புலம் ஒன்று வையுங்கள். அது இல்லாததால்தான் அந்தப் பெயரை இயற்பெயருக்கான கட்டத்திலேயே ஏற்றிவிடுகிறார்கள்.

நிரலாளர், காரைக்குடி:

சேர்த்துவிட்டேன் சிஸ்டர். திரையில் வரப்போவது: ‘ஆட்கலப்பு ஐயம். பதிவு பூட்டப்பட்டுள்ளது. பெயர், வயது, தகப்பனார் பெயரை அவரையே சொல்லச் சொல்லவும். வேறொருவர் வந்திருந்தால் குடும்ப அட்டையைப் பார்க்கவும்.’ கீழே இரு பொத்தான்: ‘ஆட்பிரிப்புக்கு அனுப்பு’, ‘ஐயம் இல்லை, காரணம் எழுது’. முன்னெழுத்துக் கட்டத்தைத் தமிழில் பன்னிரண்டு எழுத்து வரை நீட்டியிருக்கிறேன். பழ.வும் பெரி.யும் இனி தனித்தனியாக நிற்பார்கள்.