எலும்பில் அணுக்கரு நிறமே ஏறவில்லை: நைட்ரிக், ஃபார்மிக், ஈடிடிஏ எதை எடுப்பது?

கேஎல்_ஸ்லைடு
வணக்கம். ஸ்லைடுக்கு மெல்லிசா வெட்ட எலும்பின் சுண்ணாம்பை முதலில் கரைக்கணும்; தொடை எலும்புத் தலைக்கும் மஜ்ஜை ட்ரெஃபைனுக்கும் (ஊசியால் எடுத்த சிறு எலும்புத் துண்டு) எங்கள் லேப்பில் ஒரே 5% நைட்ரிக் அமிலம்தான். வெள்ளிக்கிழமை போட்டதைத் திங்கட்கிழமை எடுத்தால் வெட்ட நல்லா வருது, ஆனால் அணுக்கருவை நீலமாக்கும் ஹெமடாக்சிலின் சாயம் பிடிக்கவே மாட்டேங்குது. ஸ்லைடு முழுக்க இன்னொரு சாயமான இயோசினின் சிவப்பு. கால்சியத்தை மெதுவாகப் பிடித்து இழுக்கும் ஈடிடிஏ போட்டால் ரிப்போர்ட் இழுத்துக்கிட்டே போகும் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பினாங்கு_மைக்ரோடோம்
தப்பு நைட்ரிக்கில் இல்லை தம்பி, சனி ஞாயிறில் இருக்கு. சுண்ணாம்பு போன பிறகும் அமிலம் சும்மா இருக்காது, அணுக்கருவின் டிஎன்ஏவை அறுக்க ஆரம்பிச்சிடும். அப்புறம் ஹெமடாக்சிலின் ஒட்ட இடம் ஏது? வாரக்கடைசியில் ஏர்கான் அணைச்சா, நம்ம ஊர்ச் சூட்டில் இது இன்னும் வேகமாகும்.

10% ஃபார்மிக் அமிலத்துக்கு மாறுங்க. ட்ரெஃபைனுக்கு ஒரு ராத்திரி போதும். தொடை எலும்பை 3–4 மி.மீ. துண்டாக அறுத்தால் சில நாள். தினமும் திரவத்தை மாத்தணும், துண்டைப் போல குறைந்தது 20 மடங்கு அளவு இருக்கணும். அடியில் கிடக்க விடாமல் நூலில் தொங்கவிடுங்க. அதற்கு முன்னால் திசு கெடாமல் நிலைப்பட ஃபார்மலினில் 24–48 மணி நேரம் கட்டாயம். அரைகுறையாக நிலைப்பட்ட திசுவை அமிலம் குதறிடும்.

மஜ்ஜை_அக்கா
இம்யூனோ (புரதச் சாயப் பரிசோதனை), ஃபிஷ், பிசிஆர் (இரண்டும் மரபணுப் பரிசோதனை) வரும் கேஸ் என்றால் ஈடிடிஏ தவிர வேற பேச்சே இல்லை. 1 லிட்டருக்கு டைசோடியம் ஈடிடிஏ 140 கிராம். வெறும் தண்ணியில் முழுசா கரையாது. சோடியம் ஹைட்ராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, பிஎச் 7.2–7.4க்கு வரும்போதுதான் தெளியும். ட்ரெஃபைனுக்கு இரண்டு மூன்று நாள்தான், அதனால் "இழுக்கும்" என்பது பாதி உண்மை. கெட்டியான கார்டெக்ஸ் (வெளி ஓட்டு) எலும்புக்கு வாரக்கணக்கு. எடுத்ததும் நேரே ஆல்கஹாலில் போடாதீங்க, ஈடிடிஏ படிகமாக உறைஞ்சிடும். முதலில் தண்ணியில் நல்லா அலசணும்.

கேஎல்_ஸ்லைடு
நன்றி அக்கா. சுண்ணாம்பு கரைஞ்சு முடிஞ்சுதான்னு ஊசியால் குத்திப் பார்க்கிறோம், சரியா?

பினாங்கு_மைக்ரோடோம்
குத்தாதீங்க, அந்த ஓட்டை ஸ்லைடில் தெரியும். எக்ஸ்ரே இருந்தால் அதுதான் நம்பகம். இல்லாட்டி, துண்டு கிடந்த ஃபார்மிக்கில் 5 மி.லி. எடுத்து, லிட்மஸ் நீலமாகும் வரை அமோனியா விட்டு, 5% அமோனியம் ஆக்ஸலேட் 5 மி.லி. சேர்த்து அரை மணி நேரம் வைங்க. கலங்கினால் இன்னும் சுண்ணாம்பு இருக்கு. புதுத் திரவத்தில் அடுத்தடுத்து இரண்டு முறை தெளிவாக இருந்தால் எடுத்துடலாம். ஈடிடிஏவுக்கு இதே முறை அப்படியே வேலை செய்யாது, அது கால்சியத்தைப் பிடிச்சு வச்சிருக்கும்.

மெழுகில் பதித்த பிளாக் வெட்டும்போது கத்தியில் நறநறன்னா, வெட்டும் முகத்தைக் கவிழ்த்து 10% ஃபார்மிக்கில் அரை மணி நேரம் வைத்துக் கழுவுங்க. மேலே சில சீவல்தான் இளகியிருக்கும், மறுபடி டிரிம் பண்ணினால் அது போச்சு.

மஜ்ஜை_அக்கா
ஒண்ணு விட்டுப்போச்சு. அவசரத்துக்கு ஹைட்ரோகுளோரிக்கை எடுத்தால் ஃபார்மலினோடு கலக்கவே கூடாது. புற்றுநோய் உண்டாக்கும் பிஸ்-குளோரோமெத்தில் ஈதர் உருவாகும். ஃபார்மலின் துண்டைக் கழுவிட்டுத்தான் போடணும்.