கத்துகிற சீனியரோடு எப்படி வேலை பார்ப்பது? ஊருக்கே வந்துவிடட்டுமா?

களக்காடு தம்பி: அண்ணாச்சிமாரே, அக்காமாரே, யாராவது சொல்லுங்கள். வெளிநாட்டில் ஒரு கிடங்கில் வேலை, வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. சீனியர் எல்லோர் முன்னாலும் கத்துகிறார். நேற்று டெலிவரி நோட்டில் அவரே கையெழுத்துப் போட்டு இறக்கிய சரக்கில் பெட்டி குறைகிறது என்று பழியை என் தலையில் போட்டுவிட்டார். நாளைக்குப் போகவே பயமாக இருக்கிறது. அம்மாவிடம் சொல்ல முடியவில்லை. கடவுளும் கைவிட்டுவிட்டார்.

அம்பாசமுத்திரத்தான்: நான் சவுதிக்கு வந்த புதிதில் போர்மேன் பேசாத பேச்சா? குபூஸ் ரொட்டியும் தயிரும்தான் சாப்பாடு, அடுக்குக் கட்டிலில் மேல்தட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பொறுத்துப் போ தம்பி.

தென்காசிக்காரன்: எதற்குப் பொறுக்க வேண்டும்? அவன் கத்துவதை போனில் ரெக்கார்ட் பண்ணு. நாளையிலிருந்து போகாதே.

வள்ளியூர்: எல்லாம் ஏஜென்ட் செய்கிற வேலை. ஊரில் ஒரு சம்பளம் சொல்வான், இங்கே வந்தால் வேறு. என் மச்சானுக்கும் இதே கதைதான்.

பாளை அக்கா: தம்பி, நான் குவைத்தில் நர்ஸ். என் சீனியர் சிஸ்டர் நோயாளி முன்னாலேயே சார்ட்டைப் பிடுங்குவார். அவர் வேறு வார்டுக்குப் போக வேண்டும் என்று ஜெபித்தேன். நடக்கவில்லை. அப்புறம் டியூட்டிக்கு முன்னால் அவர் பேரைச் சொல்லி அவருக்காகவே ஜெபிக்க ஆரம்பித்தேன். அவர் மாறவில்லை. ஆனால் அவர் கத்தும்போது ஊசி பிடித்த என் கை நடுங்குவது நின்றது. அவருக்குப் பயந்து மருந்தின் அளவை இரண்டு முறை பார்த்த பழக்கம் இன்றும் என்னோடு இருக்கிறது. அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. ஜெபித்துவிட்டுத்தான் மேட்ரனுக்குப் புகார் எழுதினேன்.

ஏர்வாடி பாய்: முதலில் எந்த நாடு? புரொபேஷனா? பாஸ்போர்ட் யார் கையில்?

களக்காடு தம்பி: துபாய், பாய். புரொபேஷன்தான். பாஸ்போர்ட் ஆபீசில் இருக்கிறது.

ஏர்வாடி பாய்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. ரெக்கார்ட் மட்டும் பண்ணிவிடாதே. சம்மதம் இல்லாமல் பதிவு செய்தால் இங்கே உன் மேல்தான் வழக்கு வரும். வேலைக்குப் போகாமலும் இருக்காதே. தொடர்ந்து 7 நாளுக்கு மேல் காரணம் சொல்லாமல் நின்றால் நோட்டீஸ் இல்லாமலே நீக்கலாம். அவர் கத்துவதற்கு 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் தொழிலாளர் சட்டம், 14ஆம் பிரிவைப் பார். முதலாளி மட்டுமல்ல, கூட வேலை செய்கிறவரும் வார்த்தையாலோ மனரீதியாகவோ துன்புறுத்தக் கூடாது. பாஸ்போர்ட்டை அவர்கள் பிடித்து வைப்பதும் தப்பு. முதலில் எச்.ஆருக்கு ஈமெயில் போடு, அந்த டெலிவரி நோட்டின் நகலையும் அதிலேயே கேள். அங்கே சரிவரவில்லை என்றால் தொழிலாளர் துறைக்கு 80084. நம் தூதரக உதவி மையம் 800 46342. ஊருக்கே திரும்புவது என்றால் புரொபேஷனில் 14 நாள் நோட்டீஸ், இங்கேயே வேறு கம்பெனி என்றால் ஒரு மாதம்.

களக்காடு தம்பி: சரி பாய், நாளைக்குப் போகிறேன். அக்கா, அந்தப் புகாரை எப்படி எழுதினீர்கள்?

பாளை அக்கா: இங்கிலீஷில் ஏழெட்டு வரிதான். தேதி, நேரம், யார் பக்கத்தில் நின்றார்கள், என்ன வார்த்தை சொன்னார் என்று மட்டும். நீ தமிழில் எழுதி எனக்குத் தனியாக அனுப்பு, இன்று ராத்திரியே மாற்றித் தருகிறேன்.