விர்ச்சுவல் த்ரெட் வந்த பிறகும் ஏசிங்க் வேலைகளுக்குத் தனி த்ரெட் பூல் வேண்டுமா?

வேளச்சேரி நிரலர்:
எங்கள் குழு சென்னையில் ஒரு சபாவின் மார்கழிக் கச்சேரிகளுக்கான டிக்கெட் தளத்தைப் பராமரிக்கிறது. பதிவு முடிந்ததும் டிக்கெட்டைப் பிடிஎஃப் ஆக்கி மின்னஞ்சலில் அனுப்பும் வேலையை ‘@ஏசிங்க்’ (அழைத்தவரை நிறுத்தாமல் வேறொரு த்ரெட்டில், அதாவது நிரலின் தனி இயக்க இழையில், ஓட்டச் சொல்லும் குறி) இட்ட ஒரு மெத்தட் பின்னணியில் செய்கிறது. ஜாவா 21, ஜாவா தளங்களைக் கட்ட உதவும் ஸ்பிரிங் பூட் சட்டகத்தின் 3.2 ஆகியவற்றுக்கு மாறிவிட்டோம். இனி விர்ச்சுவல் த்ரெட்டை (ஜாவாவே நிர்வகிக்கும் இலகுவான த்ரெட்டை) இயக்கும் ஒற்றை வரியைக் கான்ஃபிக் ஃபைலில் சேர்த்துவிட்டு, நாங்களே எழுதிய த்ரெட் பூல் (வேலைகளைப் பகிர்ந்து செய்யும் த்ரெட்டுகளின் தொகுப்பு) அமைப்பை நீக்கிவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. மின்னஞ்சல் அனுப்பும் வேலையில் பெரும்பகுதி மறுமுனையின் பதிலுக்குக் காத்திருப்பதுதான். அந்த நேரத்தில் விர்ச்சுவல் த்ரெட் தன்னைச் சுமக்கும் இயங்குதள த்ரெட்டை விட்டுக்கொடுத்துவிடும் என்னும்போது, பூல் அளவையும், காத்திருக்கும் வேலைகளின் வரிசையான கியூவின் அளவையும் குத்துமதிப்பாக எழுதிவைப்பதில் பொருளில்லை.

தரமணி வாசகி:
மறுக்கிறேன். நீங்களாக எதுவும் அமைக்காவிட்டால் ஸ்பிரிங் பூட் தரும் பூலின் கோர் அளவு (வழக்கமாக வைத்திருக்கும் த்ரெட்டுகள்) 8, அதன் கியூவுக்கோ வரம்பே இல்லை. கியூ நிரம்பினால்தான் ஒன்பதாவது த்ரெட் பிறக்கும் என்பதால், மேக்ஸ் அளவை (த்ரெட்டுகளின் உச்சத்தை) மட்டும் 50 என்று உயர்த்திவிட்டு ஐம்பது வேலைகள் ஒரே நேரத்தில் ஓடுவதாக நம்புகிறவர்கள் பலர். அந்தக் குழப்பத்தை வைத்துப் பூலே வேண்டாம் என்று முடிவுகட்டுவது சரியாகாது.

பூல் என்பது த்ரெட்டைச் சிக்கனப்படுத்த மட்டும் வந்ததன்று, அது ஒரு தடுப்பணை. டேட்டாபேஸ் கனெக்ஷன்களைப் பகிர்ந்தளிக்கும் ஹிகாரி நூலகத்தில் அவற்றின் இயல்பான உச்சம் 10. விற்பனை திறக்கும் காலையில் ஆயிரக்கணக்கான பதிவுகள் ஒன்றாக வந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விர்ச்சுவல் த்ரெட் எழுந்து பதிவு விவரத்தைப் படிக்க டேட்டாபேஸைக் கேட்டால், அந்தப் பத்துக்குத்தான் அத்தனையும் முட்டிமோதும். முப்பது நொடிக்குள் கனெக்ஷன் கிடைக்காதது பிழையாகித் திரும்பும். அதே பத்தைத்தான் இருக்கை தேடிக்கொண்டிருக்கும் ரசிகர்களும் நம்பியிருக்கிறார்கள்.

வேளச்சேரி நிரலர்:
வரம்பு தேவை என்பதை ஏற்கிறேன். ஆனால் அதற்குப் பூல் எதற்கு? ஒரே நேரத்தில் எத்தனை வேலைகள் ஓடலாம் என்ற கன்கரன்சி லிமிட்டை, பூல் இல்லாமல் வேலைக்கொரு த்ரெட் தொடங்கும் ஸ்பிரிங்கின் சிம்பிள் ஏசிங்க் டாஸ்க் எக்ஸிகியூட்டரிலேயே வைக்க முடியுமே.

தரமணி வாசகி:
வைக்கலாம். ஆனால் வரம்பை எட்டியதும், இயல்பான அமைப்பில், வேலையை ஒப்படைக்க வந்த த்ரெட்டே அங்கே நின்றுவிடும். அதாவது பணம் செலுத்திவிட்டு உறுதிப்பக்கத்தை எதிர்பார்த்திருப்பவர், யாரோ ஒருவருடைய மின்னஞ்சல் போய்ச் சேரும் வரை காத்திருப்பார். பூலில் கியூ இருப்பதால் அவர் உடனே விடுபடுவார். கியூவும் நிரம்பினால் வேலையை மறுப்பதா, அழைத்த த்ரெட்டிலேயே ஓட்டுவதா என்பதை நாம் தீர்மானிக்கலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஜாவா மெயில் நூலகத்தில் எஸ்எம்டிபி (மின்னஞ்சல் அனுப்பும் நெறிமுறை) வழியாக அனுப்பும் மெத்தட் சிங்க்ரனைஸ்டு, அதாவது ஒரு ஆப்ஜெக்டுக்கு ஒரு நேரத்தில் ஒரே த்ரெட் நுழையும்படி பூட்டப்பட்டது. ஜாவா 21-இல் சிங்க்ரனைஸ்டு பகுதிக்குள் காத்திருக்கும் விர்ச்சுவல் த்ரெட் தன்னைச் சுமக்கும் த்ரெட்டை விட்டுக்கொடுக்காது, அதோடு ஒட்டிக்கொண்டே நிற்கும். சுமக்கும் த்ரெட்டுகளின் எண்ணிக்கை இயல்பாக பிராசஸர் கோர்களின் எண்ணிக்கைதான். நான்கு கோர் சர்வரில் நான்கு மின்னஞ்சல்கள் மெதுவான மறுமுனைக்காகக் காத்திருந்தால், ஐந்தாவது மின்னஞ்சலோடு சேர்த்து, அந்த ஒற்றைக் கான்ஃபிக் வரியால் விர்ச்சுவல் த்ரெட்டுக்கு மாறிவிட்ட டாம்கேட் வெப் சர்வரின் கோரிக்கைகளும் நின்றுபோகும். நீங்கள் நீக்க நினைக்கும் பூல் இதைவிட நன்றாக ஓடும்.

பெரம்பூர் அன்பர்:
இருவரும் வேகத்தைப் பேசுகிறீர்கள், தொலைந்துபோகும் டிக்கெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. பூலின் கியூவானாலும் விர்ச்சுவல் த்ரெட்டானாலும் இருப்பது மெமரியில். ஷட் டவுனின்போது மீதி வேலைகள் முடியும்வரை காத்திருக்கும்படி அமைக்கலாம், ஆனால் பிராசஸ் திடீரென்று செத்தால் அது உதவாது. எந்த மதிப்பையும் திருப்பாத (வாய்டு) மெத்தடில் எழும் பிழையும் அழைத்தவரை எட்டாமல் லாக் பதிவோடு முடிந்துவிடும். மேலும், டேட்டாபேஸ் டிரான்சாக்ஷன் கமிட் ஆகும் (மாற்றங்கள் உறுதியாகும்) முன்பே ஏசிங்க் மெத்தடை அழைத்தால், புதிய த்ரெட் தேடும் பதிவு டேட்டாபேஸில் அதன் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். அனுப்ப வேண்டிய மின்னஞ்சலை அதே டிரான்சாக்ஷனில் ஒரு டேபிளில் எழுதிவிட்டு, பிறகு அங்கிருந்து எடுத்து அனுப்புங்கள். காசு கொடுத்தவருக்குச் சேர வேண்டிய டிக்கெட்டை மெமரியை நம்பி விடக்கூடாது.

வேளச்சேரி நிரலர்:
டேபிள் யோசனையை இன்றே குழுவில் முன்வைக்கிறேன். சிங்க்ரனைஸ்டு சிக்கல் 2025 மார்ச்சில் வந்த ஜாவா 24-இல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. எனவே ஜாவா 25-க்கு மாறும்வரை மட்டும் பூல் இருக்கட்டும். அதன்பின் வேலைக்குள்ளேயே ஒரு செமஃபோர் (ஒரே நேரத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கை த்ரெட்டுகளை மட்டும் உள்ளே விடும் கருவி) வைத்தால் டேட்டாபேஸுக்கு வரம்பும் கிடைக்கும், அழைத்தவரும் நிற்க வேண்டியதில்லை.

தரமணி வாசகி:
அப்போது காத்திருக்கும் விர்ச்சுவல் த்ரெட்டுகளே உங்கள் கியூ ஆகிவிடும், அதற்கு உச்சவரம்பு இருக்காது. அந்த வரம்பை எங்கே வைப்பீர்கள் என்பதையும் எழுதுங்கள்.