ஸ்விஃப்ட் 1.5: பழைய எம்15ஏ-வையே போடுவதா, எம்16ஏ-வுக்கு மாறுவதா?

ஈசூன் ஸ்விஃப்ட்:
வணக்கம். என்னுடையது 2010ல் சிங்கப்பூரில் பதிவான சுசுகி ஸ்விஃப்ட் 1.5, எம்15ஏ எஞ்சின், ஆட்டோ கியர். 2020ல் சிஓஇ-யை (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) பத்து வருடத்துக்குப் புதுப்பித்ததால் 2030 வரை ஓட்டலாம். இப்போது எஞ்சின் ஆயில் குடிக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. விரைவுச்சாலையில் ஏறி அழுத்தி மிதித்தால் பின்னால் நீலப் புகை. பட்டறையில் எஞ்சினையே மாற்றச் சொல்கிறார்கள். எப்படியும் செலவுதான் என்றால், ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டில் வரும் எம்16ஏ-வைப் போடலாமா? கையில் பெரிய பணம் இல்லை.

காக்கி புக்கிட் ராஜா:
தம்பி, முதலில் கம்ப்ரெஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தத்தை அளப்பது) எடுத்தார்களா? புகையை மட்டும் பார்த்து எஞ்சினைக் கழற்றச் சொன்னால் நம்பாதீர்கள். ராத்திரி முழுக்க நின்ற காரைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் புகை வந்து அடங்கினால், பெரும்பாலும் வால்வு சீல். அதற்கு எஞ்சின் மாற்றத் தேவையில்லை. மிதிக்கும்போது வந்தால் பிஸ்டன் ரிங் மேல் சந்தேகம். பிசிவி வால்வையும் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றுவது) பார்க்கச் சொல்லுங்கள், சின்னச் சாமான், அடைத்துக்கொண்டால் அதுவே ஆயிலை இழுக்கும். டெஸ்டில் அழுத்தம் குறைவாக இருக்கும் சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

வேகப்பிரியன்:
எம்16ஏ-தான் அண்ணே! 125 குதிரை சக்தி. 1490 சிசி-யிலிருந்து 1586 சிசி, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டும் 1600-க்குள் இருப்பதால் சாலை வரியும் பெரிதாக ஏறாது.

சின் மிங் கணேசன்:
வரிக் கணக்கு சரிதான். பழைய காருக்கான 50% கூடுதல் கட்டணத்தையும் சேர்த்தாலே ஆண்டுக்குச் சுமார் 84 சிங்கப்பூர் வெள்ளிதான் அதிகம். வில்லங்கம் வேறு இடத்தில். எஞ்சின் எண் பதிவில் இருக்கிறது. வேறு வகை, வேறு சிசி என்றால் வேலை தொடங்குவதற்கு முன்பே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். போட்டுவிட்டு அப்புறம் கேட்கலாம் என்ற பேச்சே கூடாது. காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். இன்னொன்று, ஸ்போர்ட் எஞ்சினின் கம்ப்ரெஷன் விகிதம் 11.1, பெட்ரோலும் விலை கூடியதாகத்தான் கேட்கும். உங்களுடையது ஆட்டோ கியர் வேறு. ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), வயரிங், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) என்று ஒவ்வொன்றாக இழுக்கும். எஞ்சின் விலையைவிட அந்த வேலைக்கூலி மிரட்டும். பணம் குறைவு என்கிறீர்கள், அதே எம்15ஏ-தான் சரி. எண் மாறுவதைப் பதிவில் மாற்றினால் போதுமா என்று பட்டறையிடம் கேட்டு, ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிடோக் மாமா:
கணக்கையும் பாருங்கள். புதுப்பித்த காருக்கு பார்ஃப் தள்ளுபடி (காரைப் பதிவிலிருந்து நீக்கும்போது பதிவுக் கட்டணத்தில் திரும்பக் கிடைக்கும் பங்கு) கிடையாது. ஆனால் இப்போது காரை ஒப்படைத்தால், 2020ல் கட்டிய சிஓஇ பணத்தில் மீதிக் காலத்துக்கு உரிய பங்கு திரும்ப வரும். அந்தத் தொகையை எஞ்சின் செலவோடு ஒப்பிட்ட பிறகு முடிவெடுங்கள். துரு, கியர்பாக்ஸ் இரண்டும் சரியில்லை என்றால் நான் மாற்ற மாட்டேன்.

ஈசூன் ஸ்விஃப்ட்:
டெஸ்ட் எடுத்தாச்சு. மூன்று சிலிண்டர்களில் அழுத்தம் 180 பிஎஸ்ஐ-யை ஒட்டி இருக்கிறது, மூன்றாம் எண் சிலிண்டரில் மட்டும் 115. ஆயில் விட்டதும் 160-க்கு ஏறியது. கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது, அடிப்பகுதியிலும் துரு இல்லை. அதனால் எம்15ஏ-வுக்கே போகிறேன். ஜப்பானிலிருந்து வந்த ஹாஃப்கட் (எஞ்சினோடு வெட்டி எடுத்த பழைய காரின் முன்பாதி) ஒன்று இருப்பதாகப் பட்டறையில் சொல்கிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்?

காக்கி புக்கிட் ராஜா:
பிளாக்கில் பொறித்த குறியை நீங்களே டார்ச் அடித்துப் படியுங்கள். 1.3 ஸ்விஃப்டின் எம்13ஏ-வும் வெளியே பார்க்க இதே மாதிரி இருக்கும். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். வெண்ணெய் போலக் கசடு இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம், விட்டுவிடுங்கள். உங்கள் காரில் த்ராட்டில் கேபிளா, எலக்ட்ரானிக்கா என்று பார்த்து, அதற்குப் பொருந்துவதாக எடுங்கள். அதன் நான்கு சிலிண்டர் கம்ப்ரெஷன் அளவையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். காரில் ஏற்றுவதற்கு முன் வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், பின்பக்க கிராங்க் ஆயில் சீல், பெல்ட் எல்லாம் புதிதாகப் போட்டுவிடுங்கள். உள்ளே போன பிறகு அந்த சீலுக்காகக் கியர்பாக்ஸை இறக்கினால் இரட்டைக் கூலி.